பெருமாள் பிச்சை எங்கே?

இயக்குநர் ஹரியின் பொலிஸ் படங்களைப் பற்றி எங்கட வயசு ஆக்கள் கதைக்கத் தொடங்கினால் அது உடனே பகிடியாகிவிடும். பறக்கிற சுமோ, தலை சுத்திற கமரா, சூர்யாவின் தொண்டை கிழிகிற வசனம். மீம் போடுறதுக்கு அளவான சரக்கு. நாங்களும் போட்டிருக்கிறம். ஆனால் பகிடி பண்ணிப் பண்ணியே ஒரு விசயத்தைக் கவனிக்காமல் விட்டிட்டம் என்றுதான் இதை எழுதுகிறம்.

'சாமி' 2003 மே மாதம் வந்தது. நாங்கள் பிறந்ததும் அந்த நேரத்தில்தான். படத்தின் முடிவு ஞாபகம் இருக்கா? துணைக் கமிஷனர் ஆறுச்சாமி பெருமாள் பிச்சையை ஒரு செங்கல் சூளைக்குக் கொண்டுபோகிறார். சண்டை நடக்குது. கொல்லுகிறார். உடம்பைச் சூளைக்குள் போட்டு எரிக்கிறார். ஊருக்கும் நீதிமன்றத்துக்கும் பெருமாள் பிச்சை 'தலைமறைவு'. கோப்பில் அப்படித்தான் இருக்கும். பிறகு ஹீரோ புதுப் பொஞ்சாதியோட சந்தோசமாப் போகிறார். படம் முடியுது. தியேட்டரில் விசில்.

இதை ஒருக்கா மெதுவாகச் சொல்லிப் பாருங்கோ. சீருடை போட்ட ஒருத்தர் ஒரு ஆளைக் கொண்டுபோகிறார். ஆள் திரும்பி வரவில்லை. உடம்பும் இல்லை. கேட்டால் 'எங்கேயோ ஓடிட்டான்' என்று அரச பதிவேடு சொல்லுது.

வடமராட்சியில் வளர்ந்த ஒருவருக்கு இதுக்குப் பெயர் சொல்லித் தரத் தேவையில்லை. கரவெட்டியில் எங்கட ஒழுங்கையில் மட்டும் இப்படி ஒரு படம் மாட்டி வைச்சிருக்கிற வீடு இரண்டு இருக்கு. மாலை போடாமல் மாட்டின படம். மாலை போட்டால் செத்தது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதே வீட்டு ரிவியில் நாங்கள் 'சாமி' பார்த்திருக்கிறம், கைதட்டியும் இருக்கிறம். ஒருத்தரும் ஒண்டையும் ஒண்டோட சேர்த்துப் பார்க்கவில்லை.

கதை இன்னும் மோசமாகுது. 2018 செப்ரெம்பரில் 'சாமி ஸ்கொயர்' வந்தது. அதில் பெருமாள் பிச்சையின் பிள்ளைகள் வருகினம். எங்கே இருந்து? கொழும்பில் இருந்து. மூன்று ஆண்பிள்ளைகள். அதில் முக்கியமான ஆள், பொபி சிம்ஹா நடிச்சவர், பெயர் இராவணப் பிச்சை. அப்பா எங்கே என்று தேடித் திருநெல்வேலிக்கு வாறார். 'தலைமறைவு' என்ற கதையை அவர் நம்பவில்லை. தோண்டித் துருவி, பொலிஸ்தான் கொன்றது என்று கண்டுபிடிக்கிறார். இதுவரைக்கும் கேட்டால் எந்தப் பக்கத்தில் நிற்பீங்கள்? இலங்கையில் இருந்து ஒரு குடும்பம், காணாமல் போன அப்பாவைத் தேடுது, அரசு பொய் சொல்லுது. ஆனால் படத்தில் அவர்தான் வில்லன். பெயரே இராவணன். எதிரே நிற்கிற ஹீரோ ஆறுச்சாமியின் மகன், பெயர் ராம்சாமி. விளங்கிச்சுதா?

இராவணப் பிச்சை நல்லவன் என்று நாங்கள் சொல்லவில்லை. படத்தில் அவன் செய்கிற கொலைகளை எண்ண ஏலாது. ஆனால் அவன் கேட்கிற முதல் கேள்வி சரியான கேள்வி. அந்தக் கேள்வியை ஒரு ரவுடியின் வாயில் வைச்சதால் கேள்வியே ரவுடித்தனமாகிப் போச்சுது. அந்தப் படம் வந்த நேரம் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் ஒன்றரை வருசத்துக்கு மேலாகப் பந்தலில் இருந்தவை. 2017 பெப்ரவரி 20 இல் இருந்தவை. அதுக்குப் பதினொரு நாளுக்கு முந்தி, பெப்ரவரி 9, 'சிங்கம் 3' வெளிவந்தது. நாங்கள் அந்த மாதத்தில் எதைப் பார்த்தம், எதைப் பார்க்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

சிங்கம் தொடருக்கு வருவம். மூன்றிலும் எங்களுக்குப் பிடிச்சது முதலாவதுதான், அதுவும் அதின்ர முதல் பாதி. 2010 மே 28 இல் வெளிவந்தது. இங்க யுத்தம் முடிந்து சரியாக ஒரு வருசமும் பத்து நாளும். எங்களுக்கு ஆறு ஏழு வயசு. நெல்லியடியில் ஒரு டிவிடியில் மூன்று படம் அடிச்சு வித்த காலம்.

துரைசிங்கம் தூத்துக்குடி மாவட்டத்தில் நல்லூர் என்ற ஊரில் சப் இன்ஸ்பெக்டர் (எங்கட நல்லூர் இல்லை). வில்லன் சென்னையில் பெரிய ஆள், கப்பம் வாங்கிற, ஆள் கடத்திற மயில்வாகனம். எங்கட ஊரில் அது தாத்தாமாருக்கு வைக்கிற பெயர், அதனால் பிரகாஷ்ராஜ் உறுமும்போதெல்லாம் எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். அவருக்கு நிபந்தனையோட பிணை கிடைக்குது. நல்லூர்ப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து ஒப்பம் வைக்கவேணும். பெரிய மனிசன் ஏன் அவ்வளவு தூரம் வாறது? ஆளை அனுப்புகிறார், தனக்குப் பதிலாக ஒப்பம் வைக்க. துரைசிங்கம் விடவில்லை. நீதிமன்றம் உன்னைத்தான் வரச் சொன்னது, நீதான் வரவேணும். கடைசியில் மயில்வாகனம் நேரில் வந்து, அவமானப்பட்டு, ஒப்பம் வைச்சிட்டுப் போகிறார்.

ஐந்து படத்திலும் இதுதான் திறமான காட்சி என்று நாங்கள் அடிச்சுச் சொல்லுவம். ஏன் எங்களுக்கு மயிர்க்கூச்செறியுது? அங்க ஒருத்தரும் அடிபடவில்லை, ஒரு வாகனமும் பறக்கவில்லை. ஒரு கீழ்மட்ட அதிகாரி, ஒரு பதிவேடு, ஒரு விதி. பணக்காரனுக்கும் அந்த விதி ஒண்டுதான் என்று ஒருத்தர் நிமிர்ந்து நிற்கிறார். 'ஆள் நேரில் வரவேணும்' என்பது சட்டத்தின் மிகப் பழைய வசனங்களில் ஒன்று. ஆட்கொணர்வு மனு என்றால் என்ன? பிடிச்ச ஆளை நீதிபதிக்கு முன்னால் உடம்போட கொண்டு வந்து காட்டு என்பதுதானே.

அதே படம் எப்படி முடியுது? ஆந்திரா வரைக்கும் துரத்திக்கொண்டுபோய் மயில்வாகனத்தைச் சுட்டுக் கொல்லுறதோட. ஒப்பம் வைக்க வா என்று கூப்பிட்ட மனிசனே கடைசியில் நீதிபதி, சாட்சி, தூக்குக் கயிறு எல்லாமாகிறார். பிறகு வந்த இரண்டு படத்திலும் அந்தப் பதிவேடு காணாமலே போயிட்டுது. 2013 இல் இரண்டாம் பாகத்தில் போதைப்பொருள் கடத்தல்காரனைத் தேடித் தென்னாபிரிக்கா. கறுப்பினத்தவர் என்றால் கடத்தல்காரர் என்ற அந்தப் படத்தின் பார்வையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். மூன்றாம் பாகத்தில் அவுஸ்திரேலியா. ஊர் பெரிசாகப் பெரிசாக விதி சின்னதாகிக்கொண்டு போச்சுது.

விதியை மீறுகிற பொலிஸ்காரன் ஹரி கண்டுபிடிச்ச ஆள் இல்லை. 1971 இல் கிளின்ற் ஈஸ்ற்வூட் நடிச்ச 'டேர்ட்டி ஹரி' வந்தது (பெயர்ப் பொருத்தத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை). அதில் இன்ஸ்பெக்டர் ஹரி கலஹான், கடத்தப்பட்ட பிள்ளை எங்கே என்று கேட்டுக் கொலைகாரனின் காயப்பட்ட காலில் ஏறி மிதிக்கிறார். அப்படி எடுத்த சாட்சியம் செல்லாது என்று கொலைகாரனை விடுதலை செய்யினம். பார்க்கிறவனுக்குச் சட்டத்தில் கோபம் வரும், படம் அதைத்தான் விரும்புது. எங்களுக்கு அந்தப் படத்தோடும் சண்டைதான். ஆனால் இரண்டே வருசத்தில் வந்த அடுத்த பாகத்தில், 'மக்னம் ஃபோர்ஸ்', வில்லன்கள் ஆர்? குற்றவாளிகளைத் தாங்களே தேடிச் சுட்டுக் கொல்லுகிற இளம் பொலிஸ்காரர். முதல் படத்துக்குக் கைதட்டினவனைப் பார்த்து 'நீ கேட்டது இதைத்தானே?' என்று இரண்டாவது படம் கேட்குது. அதில் எவ்வளவு நேர்மை இருந்தது என்பது வேற கதை. கேட்டதாவது கேட்டது. சாமிக்கும் சிங்கத்துக்கும் ஐந்து படம், பதினைந்து வருசம். ஒரு படமாவது கேட்டதா?

கடைசியில் ஹரியே கேட்டார், படத்தில் இல்லை. 2020 யூன் 19 இல் தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளத்தில் கைபேசிக் கடை வைச்சிருந்த அப்பாவையும் மகனையும் பொலிஸ் பிடிச்சது. ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்ற குற்றம். இரவிரவாக அடி. 22 ஆம் திகதி மகன், 23 ஆம் திகதி அப்பா, இரண்டு பேரும் செத்துப்போச்சினம். துரைசிங்கத்தின் மாவட்டம். ஹரியின் சொந்த மாவட்டமும் அதுதான். யூன் 28 இல் ஹரி ஒரு அறிக்கை விட்டார்: காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததுக்காக வேதனைப்படுவதாக. தமிழ் சினிமாவில் ஒரு வணிக இயக்குநர் தன்ர வெற்றிப் படங்களைப் பற்றி இப்படிச் சொன்னது அபூர்வம். மரியாதை குடுக்கவேணும், குடுக்கிறம். அதுக்குப் பிறகு அவர் எடுத்த 'யானை', 'ரத்னம்' இரண்டிலும் ஹீரோ பொலிஸ் இல்லை.

ஆனால் அந்த வேதனையில் ஒரு இடைவெளி இருக்கு. சில கெட்ட பொலிஸ்காரர் துறைக்குக் களங்கம் கொண்டுவந்திட்டினம் என்பதுதான் அதின்ர தொனி. நாங்கள் கேட்கிறது வேற. சாத்தான்குளத்தில் நடந்ததுக்கும் செங்கல் சூளையில் நடந்ததுக்கும் செயலில் என்ன வித்தியாசம்? அடிவாங்கின ஆள் ஆர் என்பது மட்டும்தான். சூளையில் கெட்டவன், கடையில் நல்லவன். ஆர் கெட்டவன் என்று முடிவெடுக்கிறது அடிக்கிறவனின் கையில் என்றால், அந்த வித்தியாசம் எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும்? இன்னொரு விசயம். அந்த அப்பாவையும் மகனையும் நீதவான் கிட்டப் பார்க்காமலே சிறைக்கு அனுப்பினார் என்று அப்பவே பெரிய குற்றச்சாட்டு எழும்பினது. மயில்வாகனத்தை 'நேரில் வா' என்று கூப்பிட்ட அதே மாவட்டத்தில், நேரில் பார்க்கவேண்டியவர் பார்க்கவில்லை.

'படத்தைப் படமாப் பாருங்கோவன்' என்று இப்ப ஒரு குரல் கேட்குது. எங்கட கரவெட்டியில் பிறந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பு ஊடகமாக வைச்சு 1981 இலேயே ஒரு நூல் எழுதிப்போட்டார். நாற்பது வருசத்துக்கு மேலாச்சு. இன்னும் 'படம் படம்தான்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது கொஞ்சம் வெட்கமான விசயம்.

படம் எங்க வேலை செய்யுது என்று பார்க்க விருப்பமெண்டால் யாழ்ப்பாணச் செய்திப் பக்கங்களில் ஒரு வாள்வெட்டுச் செய்திக்குக் கீழே போய்ப் பாருங்கோ. 'சுட்டுத் தள்ளுங்கோ.' 'எங்களுக்கு ஒரு துரைசிங்கம் வேணும்.' 'மனித உரிமை கதைக்கிறவனையும் சேர்த்துப் போடவேணும்.' எழுதுறது ஆர்? பெயரைத் தட்டிப் பார்த்தால் எங்களோட ரியூசனுக்கு வந்த பெடியள். வாளோட திரியிற கூட்டத்துக்குச் சனம் பயப்படுறது உண்மை. ஆவா, அது இது என்று பத்து வருசத்துக்கு மேலாக இந்தப் பயம் இருக்கு. இரவு எட்டு மணிக்குப் பிறகு பிள்ளையை வெளியில் விடப் பயப்படுகிற அம்மாவை நாங்கள் குறை சொல்லமாட்டம். அந்தப் பயத்துக்கு மருந்து என்று சொல்லி விக்கிற சாமானைத்தான் குறை சொல்லுறம்.

2016 ஒக்ரோபர் 20 இரவு கொக்குவில் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் போன இரண்டு மாணவர் செத்தவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கலைப்பீடம், மூன்றாம் வருசம். நாங்கள் இப்ப இருக்கிற அதே பீடம். முதலில் விபத்து என்று சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூடு தெரிஞ்சது. ஐந்து பொலிசார் கைதானவை. மறித்தும் நிற்காமல் போனவை என்பது பிறகு வந்த விளக்கம். உடம்பு இருந்தபடியால், அதைப் பார்க்க ஒரு சட்ட வைத்திய அதிகாரி இருந்தபடியால், 'விபத்து' என்ற சொல் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. செங்கல் சூளை ஒண்டு பக்கத்தில் இருந்திருந்தால்?

2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிசார் பிடிச்ச ஒரு இளைஞர் செத்தார். சாகிறதுக்கு முந்தி, தன்னை எப்படிச் சித்திரவதை செய்தவை என்று அவர் சொன்ன காணொளி எல்லாற்ற போனிலும் வந்தது. அந்தக் காணொளியைப் பகிர்ந்து அழுதவையில் சிலர்தான் அடுத்த மாதம் 'யுக்திய' நடவடிக்கைக்கும் கைதட்டினவை. போதைப்பொருளுக்கு எதிரான நடவடிக்கை, வீட்டுக்கதவு உடைக்கிற காட்சிக்குத் தொலைக்காட்சிக் கமராவும் கூடப்போகும். அதை நடத்தினவர் அப்ப பதில் பொலிஸ்மா அதிபராக இருந்த தேசபந்து தென்னக்கோன். ஒரு மனிசனைச் சித்திரவதை செய்த விசயத்தில் அடிப்படை உரிமையை மீறினவர்களில் ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் அவரைப் பற்றித் தீர்ப்புச் சொன்னதும் அதே 2023 டிசம்பரில்தான். 2024 பெப்ரவரியில் அவரையே நிரந்தரப் பொலிஸ்மா அதிபராக்கினவை. பிறகு 2025 இல் நாடாளுமன்றம் வாக்கெடுத்து அவரை நீக்கினது. தெற்கிலும் சிங்கங்களுக்குப் பஞ்சமில்லை என்று சொல்லுறதுக்காக இதைச் சொன்னம்.

இந்தப் படங்களின் அடித்தளத்தில் ஒரு நம்பிக்கை இருக்கு: பொலிஸ்காரனின் கையைச் சட்டம் கட்டிப்போட்டிருக்கு, அவிழ்த்துவிட்டால் ஊர் சுத்தமாகிவிடும். தமிழ்நாட்டில் ஒருத்தர் அப்படிக் கற்பனை செய்யலாம். எங்களுக்கு அது கற்பனை இல்லை. இலங்கையில் 1979 இலேயே கையை அவிழ்த்துவிட்டாச்சு. பயங்கரவாதத் தடைச் சட்டம், 48 ஆம் இலக்கம், தற்காலிக ஏற்பாடுகள் என்று தலைப்பிலேயே இருக்கு. சாதாரணச் சட்டத்தில் பொலிசுக்குக் குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஏன் செல்லாது என்று காலை மிதிச்ச கலஹானுக்குத் தெரியும். இந்தச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்குக் குடுத்தால் செல்லும். வழக்கில்லாமல் 18 மாதம் தடுத்து வைக்கலாம் என்று இருந்தது, 2022 இல் 12 ஆக்கினவை. விதி குறுக்க நிற்காத பொலிஸ் எப்படி இருக்கும் என்ற பரிசோதனையில் எங்கட அப்பாமாரும் மாமாமாரும்தான் எலிகள். முடிவு என்ன? ஊர் சுத்தமானதா? வாக்குமூலம் எந்த மொழியில் எழுதியிருக்கு என்றே தெரியாமல் ஒப்பம் வைச்ச ஆக்களிட்டைக் கேளுங்கோ. துரைசிங்கம் வில்லனிட்டைக் கேட்ட ஒப்பம் வேற, இந்த ஒப்பம் வேற.

சூர்யாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் அநியாயம். அதே சூர்யாதான் 2021 இல் 'ஜெய் பீம்' எடுத்து நடிச்சவர். பொலிஸ் பிடிச்சுக்கொண்டுபோன இருளர் இளைஞர் எங்கே என்று கேட்டு ஒரு வழக்கறிஞர் போடுகிற ஆட்கொணர்வு மனுதான் அந்தப் படத்தின் முதுகெலும்பு. அங்கேயும் பொலிஸ் சொல்லுகிற பதில் என்ன? தப்பி ஓடிட்டினம். அதாவது தலைமறைவு. பதினெட்டு வருசத்துக்கு முந்தி ஆறுச்சாமி கோப்பில் எழுதின அதே பொய், இந்தமுறை ஒரு வழக்கறிஞர் அதைப் பிரிச்சு மேய்கிறார். ஆனால் ஒரு கணக்குப் பாருங்கோ: பண்டிகை நாளில் ரிவியில் திருப்பித் திருப்பிப் போடுறது எது, ஜெய் பீமா சிங்கமா? வடக்கே போன சிங்கத்தை அஜய் தேவ்கனை வைச்சு மூன்று படம் எடுத்திட்டினம். பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் பட்டேல் 2023 இல் இந்தப் படங்களின் பெயரைச் சொல்லியே ஆபத்தான செய்தி என்று எச்சரிச்சார். அடுத்த வருசமே 'சிங்கம் அகெய்ன்' வந்தது. அதில் வில்லன் ஹீரோவின் மனைவியைக் கடத்திக்கொண்டு எங்கே போகிறான்? இலங்கைக்கு. வில்லனின் பட்டப்பெயர் 'டேஞ்சர் லங்கா'. ராமாயணமாம். இராவணப் பிச்சைக்கு ஹிந்தியில் ஒரு தம்பி பிறந்திருக்கிறார்.

பொலிஸ் படமே எடுக்காதேங்கோ என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்கும் திரில்லர் பிடிக்கும். கேட்டால் கதை ஒண்டு குடுக்கிறம், சாத்தான்குளத்திலேயே இருக்கு. விசாரிக்க வந்த நீதவானுக்கு அந்த நிலையத்தில் ஒருத்தரும் ஒத்துழைக்கவில்லை. கமராப் பதிவுகள் ஒவ்வொரு நாளும் தானாக அழியிற மாதிரி வைச்சிருந்தவை. சூழ நின்ற பொலிசார் மிரட்டுற மாதிரி நடந்தவை. அந்த நிலையத்தில் வேலை செய்த ஒரு பெண் தலைமைக் காவலர் மட்டும் விடிய விடிய அடிச்சதைச் சொன்னார். லத்தியிலும் மேசையிலும் இரத்தம் இருந்ததைச் சொன்னார். சொல்லேக்கையே பயந்துகொண்டுதான் சொன்னார். வாக்குமூலத்தில் ஒப்பம் வைக்கச் சொன்னபோது முதலில் தயங்கினார். பாதுகாப்புத் தருவதாகச் சொன்ன பிறகு வைச்சார்.